பாதி வெட்டில் இறங்கியவர்

உதியன்குளங்கரையிலிருந்து மேற்கே போகிற சாலையில் பாதி வெட்டிய மண் திட்டைகள் ஏழெட்டு உண்டு. பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியும். வீடு கட்டுவதற்காகச் சரிவான தோட்டத்தை, இங்கே விளை என்போம், வெட்டி எடுத்திருப்பார்கள். ஜேசிபியின் பல் பதிந்த கோடுகள் ஓர் இடம் வரை வரிசையாக வந்து சட்டென்று நின்றிருக்கும். அதற்கு அப்பால் புல்லும் தொட்டாற்சுருங்கியும் ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ எல்லைத் தகராறு, கோர்ட்டில் கிடக்கிறது என்று நினைப்பார்கள். ஒரு தகராறும் இல்லை. அந்த இடத்துக்கு வந்தபோது வண்டி ஓட்டியவருக்கு மண்ணின் நிறம் பிடிக்கவில்லை. வண்டியை அணைத்தார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார், இறங்கிப் போய்விட்டார்.

ஊரில் அவரைப் ‘பாதி’ என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், “போலீசா, பேங்கா?” என்று கேட்டபடிதான் திரும்புவார்.

என் வீட்டுக்குப் பின்னாலும் அவர் விட்டுவிட்டுப் போன திட்டை ஒன்று இருந்தது. அதன் அடியில் என் மகளின் அறை இருந்தது. இன்றைக்கும் மழை பெய்து வெயில் அடித்தால் நான் வீட்டுக்குப் பின்னால் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்தால் வீட்டுக்குப் போன் செய்து, ஒன்றும் கேட்காமல், அவள் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆனால் அவரை நினைத்தால் மட்டும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

குள்ளமான மனிதர். தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு உரியது. காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு முழ நீளத்தில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வைத்திருப்பார். வெட்டிக்கொண்டு போகும்போது மண்ணில் நிறம் மாறினால் வண்டியை நிறுத்தி, செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் காலோடு திட்டையின் பக்கத்தில் போவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் நெகிழ்ந்துபோய், “மண்ணுக்கு மரியாதையா?” என்று கேட்டேன்.

“இல்ல சாரே. செருப்பு போட்டா ஓட ஒக்காது.”

ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொரு அடுக்கிலும் குத்திப் பார்ப்பார். எவ்வளவு உள்ளே போகிறது என்று விரலால் அளப்பார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் காதருகே வைத்துத் தேய்ப்பார். மணல் இருந்தால் கரகரக்கும், களி என்றால் சத்தம் இருக்காது. எல்லாம் முடிந்தபின் ஒன்று வண்டியில் ஏறுவார், அல்லது தூக்கை எடுப்பார். தூக்கை எடுத்தார் என்றால் பிறகு அவரிடம் பேசிப் பயன் இல்லை.

குன்னத்துகால் பக்கம் ஒரு பள்ளியில் இளைஞர்களுக்காக மைதானம் வெட்டப் போனார். பள்ளி என்றால் இங்கே தேவாலயம். மதியத்துக்குள் பாதி வெட்டியாயிற்று. பிறகு தூக்கை எடுத்துவிட்டார். சாமியாரை இந்தப் பக்கத்தில் அச்சன் என்போம். அச்சன் ஓடி வந்து, “நீ வெட்டு. ஆண்டவர் பாத்துக்குவார்” என்று சொல்லியிருக்கிறார்.

“ஆண்டவரு மேல உண்டு அச்சோ. இந்த மண்ணும் மேலதான் உண்டு. எது முதல்ல எறங்கும்னு எனக்குத் தெரியாது.”

அச்சனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மைதானம் இப்போதும் பாதிதான். கோல் போஸ்ட் ஒரு பக்கம் மட்டும் நட்டிருக்கிறார்கள். இரண்டு அணியும் அதே கோலில் அடிக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சந்திப்பில் இருக்கும் சாயாக் கடைக்குப் பின்னால் ஒரு திட்டை உண்டு. அவர் விட்டுவிட்டுப் போனதை வேறொரு வண்டிக்காரன் வந்து சுவர்போல் செங்குத்தாக வெட்டிக் கொடுத்தான். பத்து வருடத்துக்கு மேலாகிறது. மேலே வாழை குலை தள்ளுகிறது. ஒரு கல்கூட விழவில்லை. கடைக்காரர் அவரைக் கண்டால் விடமாட்டார்.

“எலே பாதி, விழுந்துதா?”

“இல்ல.”

“எப்ப விழும்?”

“உனக்கு அறிவு வாற அன்னைக்கு.”

“அப்பம் எனக்க ஆயுசுக்கும் பேடிக்காண்டாம். வா, சாயா குடி.”

பேடி என்றால் இங்கே பயம். அது அவருக்குத்தான் இருந்தது; கடைக்குள் ஏற மாட்டார். கண்ணாடிக் கிளாஸை வாங்கிக்கொண்டு சாலை ஓரத்துக்கு வந்து, திட்டையைப் பார்த்தபடி நின்று குடிப்பார். பின்புறம் காட்டி நின்றதே இல்லை. “நான் குடிச்சு முடியட்டு. பெறவு விழட்டு” என்பார்.

இப்போது அவர் ஊரில் இல்லை. முதலாளி வண்டியை விற்றபின் மூத்த மகனோடு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. “அங்க எல்லாம் பரந்த வயலு. வெட்ட ஒண்ணும் இருக்காது, நிம்மதியா இருப்பான்” என்று சாயாக் கடைக்காரர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் வராத சாலையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர். மனைவியின் ஊர் இது. அவளுக்குக் கிடைத்த விளையில் வீடு வைக்க முடிவு செய்தோம். வரைபடத்தில் மூன்று அறைகள். மூன்றாவது அறை மகளுக்கு. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. தனி அறை, ஒரு ஜன்னல், கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள், இவ்வளவுதான் அவள் கேட்டது.

அவர் இரண்டு நாள் வெட்டினார். மூன்றாம் நாள், இன்னும் எட்டடி பாக்கி இருக்கும்போது, செருப்பைக் கழற்றினார்.

வெட்டிய முகத்தில் அடுக்குகள் துல்லியமாகத் தெரிந்தன. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைவதே எதிரில் நின்றது. மேலே செம்மண். அதன் கீழே இறுகிப்போன வெட்டுக்கல், இரண்டு ஆள் உயரம். அதன் கீழே ஒரு முழத்துக்கு உருண்டைக் கற்கள், கோழிமுட்டை அளவிலும் நெல்லிக்காய் அளவிலும். அதன் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணல், கையால் தொட்டால் உதிரும். எல்லாவற்றுக்கும் அடியில் வெண்ணெய் போல் வெள்ளைக் களி. எனக்கு ஆனந்தம். உருண்டைக் கற்களைக் காட்டி, “இது ஒரு காலத்தில் ஆற்றுப் படுகையாக்கும். ஆறு உருட்டிய கல். அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. படிவுப் பாறை என்று இதைத்தான் சொல்லுவோம்” என்றேன்.

“ஆறா? பொற்றைக்க மேலயா?” அவர் நிமிர்ந்து குன்றின் உச்சியைப் பார்த்தார். “வழி தெரியாம ஏறிட்டு போல.”

பிறகு ஸ்க்ரூ டிரைவரால் மணலைக் குத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போனது.

“சாரே, இது அண்ணன் தம்பி ரெண்டு பேருக்க குடும்பம். மேல இருக்கியவன் அண்ணன், நல்ல கெட்டி. கீழ தம்பி, பாவம், மெலிஞ்சவன். பாரம் முழுக்க அவனுக்க தலையில. வருசா வருசம் வெள்ளம் வந்து தம்பியக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டுப் போவும். ஒரு நாளு அண்ணனுக்குக் காலுக்கடியில ஒண்ணும் இருக்காது. ஒழுகுகது எப்பவும் மெலிஞ்சது. விழுகது கெட்டி.”

“அதுக்கு நீர் அரிப்பு என்று பெயர். ஆயிரக்கணக்கான வருடம் ஆகும்” என்றேன்.

“அது சும்மா விட்டா. நான் வெட்டினா அவ்வளவு ஆவாது.”

தூக்கை எடுத்தார். இந்த இடத்தோடு வீட்டை முடித்துக்கொள்ளுங்கள், பின்னால் கெட்டியாகச் சுவர் கட்டி, வெள்ளம், அதாவது உள்ளே ஊறும் தண்ணீர், வெளியே வர ஓட்டை விடுங்கள் என்றார். எட்டடி குறைந்தால் மகளின் அறை போய்விடும். சொன்னேன். “கொச்சுக்கு உம்மறத்த ஒட்டி ஒரு அறை எடுங்க” என்று முன்வாசல் வரவேண்டிய பக்கத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு நடந்தார்.

நான் வேறொரு வண்டிக்காரனை வரவழைத்தேன். அவன் ஒரே பிற்பகலில் முடித்தான். சுவர் பிறகு கட்டலாம் என்று வைத்தேன். வெட்டுக்கல்லை விரலால் தட்டிப் பார்த்து, இது எங்கே விழப் போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான் கேட்காமல் விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் வருவார். அழைக்க வேண்டியதில்லை. முன்வாசலில் நிற்காமல் வீட்டைச் சுற்றிப் பின்னால் போய், திட்டையைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியில்தான் எங்களுக்கு முகம் காட்டுவார். மகள் அவரை ‘பாதி மாமா’ என்றே கூப்பிடுவாள். மனைவி அதட்டினால் அவர் தடுப்பார். “கொச்சு முழுசா கூப்பிட்டா எனக்கு மனசிலாவாது.”

“பாடம் எத்தன உண்டு மோளே?”

“பன்னிரண்டு மாமா.”

“ஆறு போதும். மிச்சம் பரீட்சை எழுதுகவனுக்கு.”

“நான்தானே எழுதுகது.”

“அப்பம் பன்னிரண்டும் படி.”

ஒரு தடவை மேசைமேல் என் பாடப்புத்தகம் விரிந்து கிடந்தது. படிவுப் பாறை அடுக்குகளின் படம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வண்ணம், பக்கத்தில் அம்புக்குறி, பெயர். அவர் புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“நல்ல படம். இதில வெள்ளம் எங்க சாரே?”

படத்தில் தண்ணீர் இல்லை. இருபது வருடமாக நான் அந்தப் படத்தை வரைந்து போட்டிருக்கிறேன். எனக்கும் தோன்றியதில்லை.

இவ்வளவும் கேட்டவன்தான் குழியும் வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பு. ஒவ்வொரு துளியையும் மண்ணுக்குள் அனுப்புங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவன். எங்கள் கிணறோ சித்திரையில், மேட மாத வெயிலில், வற்றிப்போகும். மனைவி பக்கத்து வீட்டுக்குக் குடம் தூக்குவாள். அதனால் திட்டைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, பத்தடி நீளத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு மழைக்குழி எடுத்தோம். விளையில் விழும் மழை முழுவதும் அதில் இறங்கும். அடுத்த கோடையில் கிணற்றில் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினேன். படம் எடுத்துப் பெரிதாக்கி மன்றத்தின் சுவரில் ஒட்டினேன். மனைவிக்கு என்மேல் மதிப்புக் கூடியது. அது எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

அந்த முறை அவர் வந்தபோது கிணற்றை எட்டிப் பார்த்தார்.

“ஏறிட்டே.”

“ரெண்டு உறை ஏறிட்டு” என்றாள் மனைவி. “எல்லாம் சாருக்க குழியாக்கும்.”

அவர் கிணற்றைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு மேலே, ரப்பரைப் பார்த்தார்.

“மேல குழி, கீழ கிணறு. நடுவில வீடு. வெள்ளம் எந்த வழியா வந்துது சாரே?”

“மண்ணுக்குள்தான். மண்ணே வடிகட்டி அனுப்பும்.”

“எந்த மண்ணு?”

நான் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தேன். மனைவிதான், தண்ணீர் இறைத்தால் வாளியின் அடியில் அரிசி மாவு போலக் கொஞ்சம் மணல் தங்குகிறது, இரண்டு தடவை அலம்பினால் போய்விடும் என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் வாளியைச் சாய்த்து அந்த மணலை எடுத்துக் காதருகே தேய்த்தார். “குழிய மூடுங்க சாரே” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கோடை முழுக்கத் தண்ணீர் தந்த குழியை மூட யாருக்கு மனம் வரும்? ஆகட்டும் என்றேன்.

மகள் பிளஸ் டூ படிக்கும் வருடம் துலா மாதத்தில், ஐப்பசியில், மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, காலையில் விட்டது. அவர் குடையும் வெறும் காலுமாக வந்தார். நானும் பின்னால் போனேன். திட்டைக்கும் மகளின் அறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளிதான். களிக்கு மேலே, மணல் தொடங்கும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது.

“நேத்து இது எப்படி வந்துது? தெளிஞ்சா, கலங்கியா?”

நான் பார்த்திருக்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளிருந்து மகள் சொன்னாள்: “நேத்து தெளிஞ்சு இருந்து மாமா. இன்னைக்குக் காலத்ததான் கஞ்சித்தண்ணி மாதிரி.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் பார்த்தார். கட்டில். மேசை. மேசைமேல் புத்தகங்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை.

“மக்கா, எழும்பு” என்றார்.

“மழை விட்டாச்சே” என்றேன் நான்.

“அதாக்கும் சாரே பேடி. பெய்யும்ப மண்ணு குடிச்சிட்டிருக்கும். விட்ட பெறவுதான் நடக்கியது.”

அவரே உள்ளே வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். வேறு வழியில்லாமல் மறுமுனையை நான் பிடித்தேன். மனைவி வீட்டுச் சீதனம், கனத்த ஆஞ்சிலி மரப் பலகை. கதவில் சிக்கி அவர் விரல் தோல் வழன்றது. “இதுக்குள்ள புத்தகமா, அம்மிக்கல்லா?” என்று திட்டிக்கொண்டே முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டார். பிறகு மகளின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

“மோளே, எனக்கொரு காரியம் வேணும். திங்களாழ்ச்ச நீ பரீட்சைக்குப் போறது வரைக்கும் அந்த அறைக்குள்ள ஏறாம இருப்பியா? ஒரு பேனா எடுக்கக்கூட.”

“இருப்பேன் மாமா.”

“சம்மதமா?”

“சம்மதம்.”

என்னிடம் வந்து, குழியின் ஓரத்தை வெட்டித் தண்ணீரை விளையின் மறுபக்கம் வடியவிடச் சொன்னார். இன்றைக்கே என்றார். மண்வெட்டி கிணற்றடியில் சாய்ந்து நின்றது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு போனார்.

வெள்ளி நல்ல வெயில். ஒன்றும் நடக்கவில்லை. மதியம் குழியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தானே பாதி குறைந்திருந்தது. குறைந்துவிட்டதே, பிறகென்ன வெட்டுவது என்று திரும்பிவிட்டேன். அந்தப் பாதித் தண்ணீர் எங்கே போயிற்று என்று பிள்ளைகளிடம் கேட்டிருப்பேன். எனக்குள் கேட்கவில்லை.

சனிக்கிழமை என் தங்கையும் மச்சினனும் மார்த்தாண்டத்திலிருந்து சாப்பிட வருவதாக இருந்தது. முன்னறையில் நடக்க இடமில்லை. சோபா ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம், புத்தகம் தரையெல்லாம். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு ஜேசிபி டிரைவர் சொன்னான் என்று வீட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று கத்தினேன். நானும் மனைவியும் மேசையைத் தூக்கி மறுபடியும் அந்த அறையில் போட்டோம். புத்தகங்களையும் கொண்டுபோய் அடுக்கினேன். மகளை அழைத்தேன். அவள் முன்வாசல் படியில் மடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வந்து படி.”

“இஞ்சயே படிக்கியேன்.”

“மழை விட்டு மூணு நாளாச்சு. எழும்பு.”

“திங்களாழ்ச்ச வரைக்கும் சம்மதிச்சிருக்கேன்.”

“எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும்? நான் உன் அப்பா, நான் சொல்லியேன்.”

“நீங்க சொல்லியீங்க. அவரு கேட்டாரு.”

கை ஓங்கிவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணை. ஓங்கிய கையோடு நின்றிருந்தபோதுதான் அது கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து மூட்டைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டதுபோல் ஒரு முறை. தரை ஒரு தடவை அசைந்தது. வீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வெளியே வந்து என் முதுகில் பட்டது. கிணற்றுக்குள் அடிக்கும் வாடை. பிறகு, முன்னறை டைல்ஸ் தரையில், உருண்டைக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. இரண்டு மூன்று வாசல் தாண்டிப் படியில் இறங்கின. மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். என் கையை நான் எப்போது இறக்கினேன் என்று எனக்குத் தெரியாது.

அறை இல்லை. வெட்டுக்கல் மொத்தமாக, ஒரே துண்டாக இறங்கிச் சுவரையும் கூரையையும் உள்ளே தள்ளியிருந்தது. அதன் கீழே வெண்ணெய் போன்ற களி.

ஒரு மணி நேரத்துக்குள் அவர் வண்டியோடு வந்தார். வார்டு மெம்பர் போன் செய்திருந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, “கொச்சு?” என்றார். படியில் இருந்தவளைப் பார்த்தார். அவளுடைய தலையில் ஒரு நிமிடம் கை வைத்தார். பிறகு தீயணைப்புக்காரர்களோடு பேசி, மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கினார். திட்டையை மேலிருந்து படிப்படியாக வெட்டிச் சரித்ததும் குழியை மூடியதும் அடுத்த வாரம். நான் சொல்ல வந்தது அந்த முதல் நாளை.

நடுவில் தண்ணீர் குடிக்க இறங்கினார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

“குழிய வெட்டி விட்டீங்களா சாரே?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அன்னைக்கு நான் அந்த மம்பெட்டியப் பாத்தேன். ரெண்டே கொத்து. வெள்ளம் வடிஞ்சிருக்கும். உங்களுக்க குழி, நமக்கென்னத்துக்குன்னு போனேன்.” சொம்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “எனக்கு எறங்கிப் போவத்தான் தெரியும். நான் எறங்கினா வேற ஒருத்தன் ஏறுவான். அதை இதுவரை நெனச்சுப் பாத்ததில்ல.”

எட்டடியை வெட்ட வேறொருவனை ஏற்றியது நான். ஆனால் அவர் தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொம்பை வாங்கி மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.

மறுபடி ஏறினார். நான்காவதோ ஐந்தாவதோ முறை மண்ணை அள்ளியபோது இரும்புப் பல்லில் ஏதோ மாட்டியது. மெதுவாகத் தூக்கினார். மேசை. இரண்டு கால் ஒடிந்து, பலகை நடுவில் பிளந்து, பிளவுக்குள் களியும் புத்தகத் தாளும் அப்பியிருந்தன. அதைத் தரையில் வைத்தார். வண்டியை அணைத்தார். இறங்கி வந்து மேசையின் அருகே நின்றார். அவரும் நானும் தூக்கி முன்னறையில் போட்ட மேசை.

மகளும் அம்மாவும் அருகில் வந்திருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள், பக்கத்து வீட்டார், அப்போதுதான் வந்து சேர்ந்த என் தங்கையும் மச்சினனும், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

“இதை ஆரு உள்ள கொண்டுபோனது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தான் மாமா” என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். வழன்ற தோல் காயாமல் இருந்த தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஒத்தைக்கா?”

“ஓ. ஒத்தைக்கு.”

அவர் குனிந்து பலகையில் ஒட்டியிருந்த களியைக் கையால் வழித்துப் போட்டார். கையைக் கைலியில் துடைத்தார்.

“நல்ல பெலம் உண்டு மக்கா உனக்கு” என்றார். வண்டியில் ஏறிக் கிளப்பினார்.